இன்ஜெக்ஷனை எடுத்துவிட்டு கார்புரேட்டர் மாட்டிய இன்ஜின்: கோளாறை வைத்து காரணம் பிடிப்பது எப்படி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜெக்ஷனைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் மாட்டுபவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். பழைய காரில் புது இன்ஜின் வைத்திருப்பார்கள், ஒயரிங் தலைவலி வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள், இல்லையென்றால் அந்த உறிஞ்சும் சத்தம் பிடித்துப்போயிருக்கும். எதுவானாலும் என்னிடம் வரும்போது கையில் ஒரு டப்பா நிறைய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டையுள்ள திருகு) இருக்கும். ஏற்கெனவே நாலு முறை மாற்றிப் பார்த்திருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் ஜெட்டில் இருக்காது. ஈசியூ (இன்ஜெக்ஷனை இயக்கும் கணினிப் பெட்டி) சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு வேலையை இப்போது யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கீழே எந்தக் கோளாறைத் தேடிப் போனாலும் வரிசை இதுதான்: முதலில் பெட்ரோல் பிரஷர், அடுத்தது ஸ்பார்க்கும் டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்), அப்புறம் ஏர் லீக். இந்த மூன்றும் சரி என்று அளந்து பார்த்த பிறகுதான் ஜெட்டைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டு வண்டி சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது. மோசமானாலும் அதே கதைதான்.

கையில் இருக்க வேண்டியவை: 0 முதல் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும் பிரஷர் கேஜ் (இன்ஜெக்ஷனுக்கான 100 பிஎஸ்ஐ கேஜில் 3-க்கும் 6-க்கும் வித்தியாசமே தெரியாது), டைமிங் லைட், வேக்யூம் கேஜ், மல்டிமீட்டர், ஒரு அடி நீள ரப்பர் குழாய், தீயணைப்பான். கடைசியாகச் சொன்னதைக் காரின் டிக்கியில் வைக்காதீர்கள், கை எட்டும் தூரத்தில் வையுங்கள்.

## செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பத்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

### பிளக் காய்ந்து இருக்கிறது

பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, சாவியைத் திருப்புங்கள்.

பம்ப் ஓடவே இல்லை என்றால் ரிலேயைப் பாருங்கள். இன்ஜெக்ஷன் காரில் பம்ப் ரிலேயை இயக்குவது ஈசியூ. சாவி போட்டதும் ஓரிரு விநாடி ஓட்டும், பிறகு கிராங்க் சுற்றுகிறது என்று சிக்னல் வந்தால்தான் மறுபடி ஓட்டும். ஈசியூவைக் கழற்றிவிட்டால் அந்த ரிலே ஒட்டவே ஒட்டாது. உடனே பலர் சாவியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்து விடுகிறார்கள். பம்ப் ஓடும்தான். ஆனால் எங்காவது மோதி ஹோஸ் அறுந்தால், இன்ஜின் நின்ற பிறகும் அந்தப் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். காயிலில் ஸ்பார்க் சிக்னல் இருக்கும்வரை மட்டும் ஓட்டும் ரிலே ஒன்று போடுங்கள், அல்லது ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். மோதினால் தானாகத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சும் சேர்ந்திருந்தால் நல்லது.

பம்ப் ஓடுகிறது, பெட்ரோல் வரவில்லை என்றால் பம்ப் இருக்கும் இடம் தப்பு. குறைந்த பிரஷர் பம்ப் நன்றாகத் தள்ளும், மோசமாக உறிஞ்சும். அதை இன்ஜின் பக்கம் மாட்டாமல் டேங்குக்குப் பக்கத்தில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டும். இன்னொன்று, டேங்குக்குள் இருந்த பழைய இன்ஜெக்ஷன் பம்பை அப்படியே விட்டுவிட்டு, அதன் வழியாகவே உறிஞ்ச வைத்திருப்பார்கள். நின்றுபோன பம்ப் ஒரு கார்க் மாதிரி. அதை எடுத்துவிட்டு வலையோடு ஒரு வெறும் பிக்கப் குழாய் போடுங்கள்.

### பிளக் நனைந்திருக்கிறது, ஸ்பார்க் இல்லை

இந்த இன்ஜினுக்கு இப்போது ஸ்பார்க் கொடுப்பது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் பெரும்பாலும் ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்று முடிவெடுப்பதும் அதே ஈசியூதான். அது போனால் ஸ்பார்க்கும் போனது. டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். இன்ஜெக்ஷன் காலத்து டிஸ்ட்ரிபியூட்டர் பலவற்றில் உள்ளே டைமிங்கை மாற்றித் தரும் எடைகளும் கிடையாது, வேக்யூம் டப்பாவும் கிடையாது. வெறுமனே மின்சாரத்தைப் பங்கிடும், அவ்வளவுதான்.

செலவு குறைவான வழி, அதே இன்ஜின் குடும்பத்தில் கார்புரேட்டரோடு வந்த மாடலின் டிஸ்ட்ரிபியூட்டர் பொருந்துமா என்று பார்ப்பது. பொருந்தவில்லையா? கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று குறைத்த டிரிகர் சக்கரம் வைத்து, ஸ்பார்க்கை மட்டும் கவனிக்கும் தனி இக்னிஷன் பெட்டி போடலாம். செலவு கூடும், ஆனால் டைமிங்கை நம் விருப்பப்படி வரையலாம். பழைய ஈசியூவையே ஸ்பார்க்குக்காக மட்டும் வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது, "மேலே இழுக்கவில்லை" பகுதியில் சொல்கிறேன்.

### பிளக் நனைந்திருக்கிறது, ஸ்பார்க்கும் இருக்கிறது

பெட்ரோல் மூழ்கியிருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி உலர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கார்புரேட்டர் வாயிலிருந்து "டப்" என்று திருப்பி அடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு கிராங்க் சுற்று தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அல்லது பிளக் ஒயர் வரிசை மாறியிருக்கிறது. ஒன்றாம் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் மேட்டில் நிறுத்தி, ரோட்டர் எந்த ஒயரைப் பார்க்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

காரில் இம்மொபிலைசர் இருந்து அது ஸ்டார்ட்டரையோ ஸ்பார்க்கையோ பூட்டுகிறது என்றால் ஒயரை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்காமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

## கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறது, இன்ஜின் மூழ்கிக்கொண்டே இருக்கிறது

இதற்கு நான் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தப் பம்ப்?" பத்துக்கு ஏழு முறை பழைய இன்ஜெக்ஷன் பம்ப்தான்.

போர்ட் இன்ஜெக்ஷன் பம்ப் 2.5 முதல் 4 பார் வரை, அதாவது 36 முதல் 58 பிஎஸ்ஐ வரை தரும். வெபர் டிசிஓஇ போன்ற சைடு டிராஃப்ட் (படுக்கை வாட்டில் காற்றை இழுக்கும்) கார்புரேட்டர் கேட்பது சுமார் 3 பிஎஸ்ஐ. பைக்கிலிருந்து எடுத்து மாட்டும் கார்புரேட்டர்களுக்கு 2 போதும். பெரிய ஹோலி நாலு பேரல் என்றால் 5 முதல் 7 வரை தாங்கும். ஃப்ளோட் (உள்ளே பெட்ரோலில் மிதக்கும் மிதவை) மேலே வந்து ஊசி வால்வை அழுத்தி மூடும் பலம் அவ்வளவுதான். 40 பிஎஸ்ஐ வந்தால் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே பாயும்.

"ரெகுலேட்டர் போட்டிருக்கிறேனே" என்பார்கள். ரிட்டர்ன் லைன் இல்லாத சாதாரண ரெகுலேட்டர், 5, 7 பிஎஸ்ஐ பம்பைக் கொஞ்சம் அடக்கத்தான் செய்யப்பட்டது. இன்ஜெக்ஷன் பம்பை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. பழைய பம்பை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் ரிட்டர்ன் உள்ள பைபாஸ் ரெகுலேட்டரும், டேங்க் வரை தாராளமான ரிட்டர்ன் குழாயும் வேண்டும். ரிட்டர்ன் குழாய் மெல்லியதாக இருந்தால் அதிலேயே பிரஷர் தேங்கி, ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தினாலும் கேஜ் 8-க்குக் கீழே வராது. அந்தப் போராட்டத்துக்கு குறைந்த பிரஷர் பம்ப் ஒன்று வாங்கிவிடுவதே மேல்.

கேஜில் பிரஷர் சரி, ஆனாலும் வழிகிறது என்றால் வரிசையாக:

ஊசி வால்வில் தூசி. புதுக் குழாய் வெட்டிய வண்டிகளில் இது மிக அதிகம். ஹோஸை மழுங்கிய கத்தியால் வெட்டும்போது உள்சுவரில் பிய்ந்த ரப்பர் துணுக்கு பெட்ரோலோடு போய் நேராக ஊசியின் நுனியில் உட்காரும். ஊசியைக் கழற்றி, நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையம் மாதிரி தேய்மானம் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டும், வெறும் தூசி என்றால் துடைத்தால் போதும்.

ஃப்ளோட்டில் ஓட்டை. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்டால் அது மிதக்காது.

ஃப்ளோட் உயரம். எத்தனை மில்லிமீட்டர் என்பது கார்புரேட்டரின் உடலில் குத்தியிருக்கும் டைப் எண்ணைப் பொறுத்தது. பித்தளை ஃப்ளோட்டுக்கும் பிளாஸ்டிக் ஃப்ளோட்டுக்கும் அளவு வேறு. வேறொருவர் சொன்ன அளவை அப்படியே எடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வழிந்த வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அல்லது ஆயில் மட்டம் கூடியிருந்தால், ஆயிலை மாற்றுங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் "டக்" என்று முட்டி நின்றால் சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். எல்லாப் பிளக்கையும் கழற்றாமல் மறுபடி அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். வளைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் அது இன்ஜின் வேலை தெரிந்தவர் கையில் போக வேண்டியது.

## ஐடிலில் நிற்கவில்லை, அல்லது ஏறி இறங்குகிறது

என் நேரத்தை அதிகம் தின்ற கோளாறு இதுதான். காரணம் முக்கால்வாசி காற்று. கார்புரேட்டர் வழியாக வராத காற்று எல்லாமே திருட்டுக் காற்று. இன்ஜெக்ஷனில் சின்ன லீக்கை, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார் பார்த்து ஈசியூ சமாளித்துவிடும். இங்கே சமாளிக்க ஆள் இல்லை.

முதல் சோதனைக்குத் தண்ணீர் போதும். தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) இணைப்பு ஒவ்வொன்றாகத் தெளியுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல். லீக் உள்ள இடத்தில் பட்டதும் ஆர்பிஎம் ஒரு கணம் மாறும். கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்கு மேலே அதை நான் செய்ய மாட்டேன்.

எங்கெல்லாம் தெளிக்க வேண்டும்? மேனிஃபோல்டு கேஸ்கட், கார்புரேட்டர் அடி, பிரேக் பூஸ்டர் ஹோஸ், கிராங்க் கேஸ் காற்றுக் குழாய், பட்டர்ஃபிளை (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) அச்சு இரு முனைகளும். பழைய ஐடில் வால்வு, கார்பன் கேனிஸ்டர் இவற்றின் குழாய்கள் எங்கே முடிகின்றன என்றும் கையால் தடவிப் பாருங்கள். திறந்த வாயோடு ஒன்றாவது தொங்கும்.

அப்புறம், இன்ஜெக்டர் இருந்த ஓட்டைகள். இதை யாரும் நினைப்பதில்லை. சில இன்ஜின்களில் இன்ஜெக்டர் மேனிஃபோல்டில் இல்லாமல் சிலிண்டர் ஹெட்டிலேயே செருகியிருக்கும். மேனிஃபோல்டை மாற்றினாலும் அந்த ஓட்டைகள் ஹெட்டில் அப்படியே இருக்கும், அடைக்க வேண்டும். ஒரு நாலு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீணானது இதனால்தான். குளிரில் வெண்ணெய் மாதிரி ஓடும், சூடானதும் மூன்றாம் சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு அடிக்கும். ஜெட், பிளக், ஒயர் எல்லாம் மாற்றியாயிற்று. கடைசியில் லேத்தில் கடைந்து போட்டிருந்த அலுமினிய அடைப்பை இழுத்து எடுத்தேன். அதன் ஓ-ரிங்கில் பிறை வடிவத்தில் ஒரு சீவல் குறைந்திருந்தது. அழுத்திச் செருகும்போது ஓட்டையின் கூரான விளிம்பு சீவியிருக்கிறது. அந்தச் சீவல் ஹெட்டின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. விளிம்பை எமரித் தாளால் மழுக்கி, புது ஓ-ரிங்குக்கு ஆயில் தடவி, திருகியபடி செருகினேன். முடிந்தது.

காற்று லீக் இல்லை என்று உறுதியானால்:

ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் என்றால் சமன் செய்யுங்கள். லிங்க்கை அவிழ்த்துவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் வைத்துக் கேளுங்கள். "உஸ்" சத்தம் எல்லாவற்றிலும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். காற்று அளக்கும் கருவி இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் குழாயும் பொய் சொல்லாது.

கலவை ஸ்க்ரூ: மெல்லிய மரை உள்ள பிற்கால டிசிஓஇ என்றால் மெதுவாக முழுக்க உள்ளே திருகி, இரண்டரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். பழைய தடித்த மரைக்கு ஒரு சுற்று. ஆர்பிஎம் அதிகமாக ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். மெல்லிய மரையில் மூன்று சுற்றுக்கு மேல் கேட்டால் ஐடில் ஜெட் சிறிது, இரண்டுக்குக் கீழே போனால் பெரிது. ஸ்க்ரூவைத் திருகியும் ஒரு சிலிண்டரில் எந்த மாற்றமும் இல்லையா? அந்த ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கம்பியால் குத்தாதீர்கள், காற்றால் ஊதுங்கள்.

அச்சு ஆடுகிறது, பட்டர்ஃபிளை தேய்ந்து முழுக்க மூடவில்லை என்றால் அது கார்புரேட்டர் பழுது பார்ப்பவரின் வேலை. புஷ் அடித்து ரீம் செய்ய வேண்டும், வீட்டில் நடக்காது.

## குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் மிஸ் ஆகிறது, அதைத் தாண்டினால் சரி

சைடு டிராஃப்ட் கார்புரேட்டரை ஸ்பேனர் போட்டு இறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். அதை மேனிஃபோல்டோடு விறைப்பாகப் பிடிக்கக் கூடாது, நடுவில் ஓ-ரிங் இருக்கும், நட்டுக்கு அடியில் சுருள் வாஷரோ ரப்பரோ இருக்கும். முழுக்க இறுக்கினால் இன்ஜினின் அதிர்வு நேராக ஃப்ளோட் அறைக்குப் போய், பெட்ரோல் சோடா மாதிரி நுரைத்துவிடும். சுருள் வாஷரின் சுற்றுகளுக்கு நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரியும் வரை தளர்த்துங்கள். கையால் பிடித்து அசைத்தால் கார்புரேட்டர் லேசாக அசைந்துகொடுக்க வேண்டும். கேட்க பயமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியின் எடை தொங்கினால் அதற்குத் தனி ஸ்டே கொடுங்கள்.

## மிதித்ததும் ஒரு கணம் திணறுகிறது

இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிங்க்கைத் தள்ளுங்கள். பட்டர்ஃபிளை அசைந்த அதே நொடியில் எல்லா வாயிலும் ஒரே அளவு பெட்ரோல் மெல்லிய கோடாகப் பாய வேண்டும்.

பாயவில்லை என்றால் ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயாஃப்ரம் அல்லது பிஸ்டன், அதன் வால்வு, பம்ப் ஜெட்டில் அடைப்பு. நேரமாகிப் பாய்ந்தால் லிங்க்கில் தளர்ச்சி அதிகம். ஒரு வாயில் மட்டும் கோணலாகச் சுவரில் அடித்தால் ஜெட்டில் தூசி.

நன்றாகப் பாய்கிறது, ஆனாலும் திணறுகிறது. இப்போது எப்படி மிதிக்கும்போது திணறுகிறது என்று பிரித்துப் பாருங்கள். சட்டென்று மிதித்தால் மட்டும் என்றால் பம்ப் ஜெட் ஒரு அளவு மேலே. மெதுவாக மிதித்தாலும் 2000 முதல் 3000 ஆர்பிஎம் வாக்கில் தொய்கிறது என்றால் பம்ப் ஜெட்டுக்கு அதில் பங்கில்லை, ஐடில் ஜெட் லீன் (பெட்ரோல் குறைவு). ஐடில் ஜெட் என்ற பெயரைக் கேட்டு ஐடிலுக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். சாதாரணமாக ஊருக்குள் ஓட்டும்போது பெரும்பாலான நேரம் இன்ஜின் குடிப்பது அந்த ஜெட் வழியாகத்தான்.

டைமிங்கையும் ஒருமுறை பாருங்கள். ஐடிலில் அட்வான்ஸ் (ஸ்பார்க் முன்கூட்டியே விழும் அளவு) குறைவாக இருந்தால் வரும் தொய்வு, லீன் கலவையின் தொய்வு மாதிரியே இருக்கும்.

எல்லாம் செய்தும் கீழ் ஆர்பிஎம்மில் உயிரே இல்லை என்றால் கார்புரேட்டர் பெரிது. உள்ளே காற்று வழியைக் குறுக்கும் சோக் குழாயின் விட்டத்தைப் பாருங்கள். சாலையில் ஓடும் 1600 சிசி இன்ஜினுக்கு இரட்டை 40 வெபரில் 30 அல்லது 32 மில்லிமீட்டர் போதும். ரேஸ் காரிலிருந்து வந்த கார்புரேட்டரில் 36 கூட இருக்கும், அதை வைத்துக்கொண்டு டிராஃபிக்கில் அழத்தான் முடியும்.

## மேலே இழுக்கவில்லை

ஒருவரை உட்கார வைத்து முழுக்க மிதிக்கச் சொல்லி, நீங்கள் கார்புரேட்டர் வாயைப் பாருங்கள். இன்ஜின் ஆஃபில்தான். பட்டர்ஃபிளை முழுக்கத் திறக்கிறதா? இன்ஜெக்ஷன் காரின் கேபிள் நகரும் தூரமும் கார்புரேட்டர் லிங்க்கின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முக்கால் திறப்பை முழுத் திறப்பு என்று நம்பி ஆறு மாதம் ஓட்டியவரைப் பார்த்திருக்கிறேன்.

திறக்கிறது என்றால் அடுத்தது பெட்ரோல் அளவு. பிரஷர் சரியாக இருந்தால் அளவும் சரி என்று அர்த்தமில்லை. 100 குதிரைத்திறன் தரும் இன்ஜின் முழு மிதியில் மணிக்கு ஏறக்குறைய 35 லிட்டர் கேட்கும், அதாவது நிமிடத்துக்கு 600 மில்லி. ஹோஸைப் பாட்டிலில் விட்டு ஒரு நிமிடம் பிடித்தால் ஒரு லிட்டராவது வர வேண்டும். வரவில்லை என்றால் ஃபில்டர், மடிந்த ஹோஸ், பம்புக்குப் போகும் வோல்டேஜ் என்ற வரிசையில் பாருங்கள்.

இருபது நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் சோர்ந்து நிற்கிறது, ஐந்து நிமிடம் கழித்துத் தானாக உயிர் வருகிறது என்றால் நேராக டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போனால் டேங்குக்கு மூச்சு இல்லை. கார்பன் கேனிஸ்டரைக் கழற்றியபோது அதன் குழாயை அடைத்திருப்பீர்கள். கேனிஸ்டரையே திரும்ப மாட்டுவது நல்லது, வாடையும் வராது.

பெட்ரோல் சரி என்றால் டைமிங் லைட்டை எடுத்து 3500 ஆர்பிஎம்மில் மொத்த அட்வான்ஸ் பாருங்கள். நாலு வால்வு ஹெட் உள்ள பல இன்ஜின்களுக்கு 28 முதல் 32 டிகிரி வாக்கில் வேண்டும், உங்கள் இன்ஜினின் சரியான அளவைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்பிஎம் ஏறியும் குறி அசையாமல் 10 டிகிரியிலேயே நின்றால் அட்வான்ஸே இல்லை. முன்பு சொன்ன சிக்கல் இதுதான்: ஈசியூவை ஸ்பார்க்குக்காக மட்டும் வைத்திருந்தால், ஏர்ஃப்ளோ மீட்டரையும் த்ராட்டில் சென்சாரையும் காணாமல் அது பயந்துபோய் பாதுகாப்பு டைமிங்குக்குப் போய்விடும். வண்டி ஓடும், சைலன்சர் சிவக்கும், சக்தி இருக்காது.

இவை எல்லாம் தேறிய பிறகுதான் மெயின் ஜெட். தொடங்க ஒரு கணக்கு உண்டு: சோக் குழாய் விட்டத்தை நாலால் பெருக்குங்கள். 32 என்றால் 128, எனவே 130 ஜெட். ஏர் கரெக்டர் (பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் ஜெட்) அதைவிட 50 கூட, 180. அதற்குப் பிறகு சைலன்சரில் வைட்பேண்ட் லாம்ப்டா சென்சார் வைத்து முழு மிதியில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13 வரை வருகிறதா என்று பாருங்கள். 14-ஐத் தொட்டால் உடனே காலை எடுங்கள், பிஸ்டன் உருகும் பக்கம் அது. இந்தக் கட்டத்தில் டைனமோமீட்டர் உள்ள, கார்புரேட்டர் தெரிந்த ட்யூனரிடம் அரை நாள் கொடுப்பது சாலையில் பத்து நாள் ஓட்டிப் பார்ப்பதைவிட மலிவு. ஜெட் செட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

## சூடாக நிறுத்தி பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை

இன்ஜெக்ஷனில் பெட்ரோல் 3 பார் அழுத்தத்தில் இருப்பதால் சுலபமாகக் கொதிக்காது. ஃப்ளோட் அறையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. முழு மிதியில் செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கிறது. நீளமாகச் செல்ஃப் அடித்து, பம்ப் நிரப்பிய பிறகு ஸ்டார்ட் ஆகிறது என்றால் அறை வறண்டிருக்கிறது.

பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டைத் தொட்டுக்கொண்டு போகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கார்புரேட்டருக்கு அடியில் பேக்கலைட் ஸ்பேசர், கீழே அலுமினியத் தகடு. பெட்ரோல் சுற்றிக்கொண்டே இருக்கும்படி ரிட்டர்ன் லைன் கொடுத்தால் இன்னும் நல்லது, பழைய ரிட்டர்ன் குழாய் ஏற்கெனவே காரில் இருக்கிறதே.

## நாக்கிங் சத்தம், இன்ஜின் சூடு ஏறுகிறது

மேடு ஏறும்போது குலுக்கிய சில்லறை மாதிரி சத்தம் கேட்டால் காலை எடுத்துவிடுங்கள். இன்ஜெக்ஷன் இன்ஜின்கள் பலவற்றில் கம்ப்ரெஷன் 10-க்கு மேல், நாக் சென்சார் காவலுக்கு இருக்கும் என்ற தைரியத்தில் வைத்தது. காவல்காரன் இப்போது இல்லை. டைமிங்கை இரண்டு டிகிரி பின்னால் இழுத்துப் பாருங்கள். சத்தம் போகவில்லை, கலவையும் லீன் இல்லை என்றால் அந்த டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் வளைவு இந்த இன்ஜினுக்குப் பொருந்தவில்லை. எடைகளின் ஸ்பிரிங் மாற்றுவது அனுபவம் உள்ளவர் வேலை.

நின்றிருக்கும்போது மட்டும் சூடு ஏறினால் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். பல கார்களில் ஃபேன் ரிலேயும் ஈசியூ கையில்தான் இருந்தது. ரேடியேட்டரில் ஒரு தெர்மோ சுவிட்ச் போட்டு ரிலேயோடு இணைத்தால் தீர்ந்தது. ஆர்பிஎம் மீட்டர் செத்தது, பேட்டரி லைட் அணையவில்லை என்றாலும் இதே கதையாக இருக்கலாம்.

## கறுப்புப் புகை, பெட்ரோல் குடிக்கிறது

குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் முழுக்கத் திரும்புகிறதா? கேபிள் இழுவையில் ஒரு மில்லிமீட்டர் மிச்சமிருந்தாலும் போதும். அடுத்தது பிரஷர், ஃப்ளோட் மட்டம், பிறகுதான் ஜெட். காரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் ரிச் (பெட்ரோல் கூடிய) கலவையில் அது செந்தணலாகும், உடனே நிறுத்துங்கள். புகை அளவு எதற்குள் இருக்க வேண்டும், இப்படி மாற்றுவதே அனுமதிக்கப்பட்டதா என்பது உங்கள் நாட்டின் விதியைப் பொறுத்தது.

## பிரேக் மிதி கல்லாக இருக்கிறது

வண்டியை எடுக்காதீர்கள். சிலிண்டருக்கு ஒரு பட்டர்ஃபிளை உள்ள அமைப்பில் ஒரே ஒரு குழாயிலிருந்து பூஸ்டருக்கு வேக்யூம் எடுத்தால் அது துடித்துத் துடித்து வரும். ஒரு வழி வால்வு சரியான திசையில் இருக்கிறதா பாருங்கள். இருந்தும் போதவில்லை என்றால் எல்லாச் சிலிண்டரின் குழாயிலிருந்தும் மெல்லிய குழாய் எடுத்து ஒரு சிறு டப்பாவில் சேர்த்து, அங்கிருந்து பூஸ்டருக்குக் கொடுங்கள். அதிலும் கல்லாகவே இருந்தால் பிரேக் மெக்கானிக் வந்து பார்க்கட்டும்.

## ஆட்டோ கியர் தாமதமாக மாறுகிறது, அல்லது வழுக்குகிறது

எலக்ட்ரானிக் கியர்பாக்ஸ் த்ராட்டில் சென்சாரைப் பார்த்துத்தான் பிரஷர் வைக்கும். கேபிளில் இயங்கும் கியர்பாக்ஸில் அந்தக் கேபிள் கார்புரேட்டர் லிங்க்கோடு சரியான கோணத்தில் நகர வேண்டும். இரண்டில் எது தப்பினாலும் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகிக்கொண்டிருக்கும். இதில் "கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம்" என்பதே கிடையாது. சென்சாரோ கேபிளோ இணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, மீதிக்கு வண்டியை ஓட்டாமல் ஏற்றி கியர்பாக்ஸ்காரரிடம் அனுப்புங்கள்.